வழவழப்பு எந்தப் பக்கம்

ஜனவரி 6, சனி

குருணை, உன் நோட்டில்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. அம்பு விட்ட புள்ளிகளை எழுதி வைத்திருந்தாயே, அந்த நோட்டு. பாதிக்குமேல் வெள்ளையாகக் கிடக்கிறது. என் கையெழுத்தைப் பார்த்தால் சிரிப்பாய். ஐந்தாவதோடு நின்றவள். அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் ஷூ பெட்டியில் சைஸ் நம்பர். அப்புறம் நவம்பர் பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்து.

பிறந்தபோது நீ ஒன்றே முக்கால் கிலோ. இது அரிசி இல்லை, குருணை என்று உங்கப்பாதான் பேர் வைத்தார். இப்போது அந்தப் பேரை நான் வாய்விட்டுச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறார். அதனால் எழுதுகிறேன்.

இன்று உன் பி.டி. டீச்சர் ஹில்டா வந்தார். டீ வைத்துக் கொடுத்தேன். குடிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆணியில் உன் மூங்கில் வில், நான் தைத்த உறைக்குள்.

"எப்பிடி கேக்கறதுன்னு தெரியல அஞ்சலை. ஸ்கூல்ல மொத்தமே நாலு வில்லு, இத்தயும் சேத்து. ஒண்ணு வெடிச்சுப் போச்சு. நஸ்ரின் அடுத்த மாசம் செலக்‌ஷனுக்குப் போவணும். அவளுக்கு வில்லு இல்ல."

உன்னோடு அம்பு விடுகிற நஸ்ரின், நம் வீட்டு மோரை ரெண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்றாவது கேட்கிறவள். அவளுக்கு இல்லையென்று எப்படிச் சொல்வது.

"குடுத்துடறேன் டீச்சர். ஒரு மாசம் மட்டும் இருக்கட்டும்."

"ஒரு மாசம் இன்னாத்துக்கும்மா?"

டீயை அவர் பக்கம் நகர்த்தினேன்.  "சரி, பிப்ரவரி பதினொண்ணு, ஞாயித்துக்கிழமை. அதுக்குமேல என்னால நிறுத்த முடியாது. அதுவரைக்கும் ஆணியிலயே வுட்டுடாதே. அப்பப்ப நாண் மாட்டி இழுத்து வை. இல்லேன்னா மூங்கில் விறைச்சுக்கும்" என்றார்.

டீ ஆறிப்போனது. கொட்டினேன்.

ஜனவரி 7, ஞாயிறு

வில்லை உறையிலிருந்து எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்தேன். இட்லிக்கு அரைத்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

உன் புத்தக அலமாரியில் அந்த அட்டை கிடைத்தது. ஷூ பெட்டி மூடியில் உன் மூன்று விரலை வைத்து பேனாவால் வரைந்து வெட்டினேனே, அது. கூச்சமாக இருக்கிறது என்று நெளிந்தாய்.

பள்ளிக்கூடத்தில் நாணை இழுக்க விரலில் மாட்டுகிற விரல்தோல் நாலு பேருக்கும் ஒன்றுதான், மாற்றி மாற்றிப் போட்டு வியர்வையில் அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது, நாண் இழுத்தால் விரல் எரிகிறது என்று சொன்னாய். அதனால்தான் ஆகஸ்டில் உன் பிறந்தநாளுக்கு நானே தைத்தேன். கம்பெனியில் வெட்டின மிச்சத்தில் நல்ல கன்றுத்தோலாகப் பார்த்து எடுத்து வந்தேன். என் வேலைதானே அது.

உனக்குத் தெரியும். நான் லைனிங் பகுதி. ஷூவுக்குள்ளே காலைத் தொடுகிற தோலைத் தைக்கிறவள். பதினாலு வருஷமாக அதுதான். சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்ததும் ஒன்றுதான். தோலுக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. வழவழப்பு எப்போதும் உடம்புப் பக்கம். மாற்றித் தைத்தால் போட்டவன் கால் உரிந்துவிடும். இப்போது கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் என் விரல் தானாகத் திருப்பிவிடும்.

உனக்கும் அப்படித்தான் தைத்தேன். வழவழப்பு உன் விரல் பக்கம்.

இன்று அதே அட்டையில் எனக்கும் ஒன்று வெட்டித் தைத்தேன். சும்மாதான். டீச்சர் இழுத்து வைக்கச் சொன்னாரே.

ஜனவரி 12, வெள்ளி

நாண் மாட்ட வரவில்லை. நீ ஒரு காலை வில்லுக்குள்ளே விட்டு, தொடையில் வளைத்து, பேசிக்கொண்டே மாட்டுவாய். எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு தடவை விட்டுவிட்டேன், முழங்காலில் அடித்தது.

ஜனவரி 15, திங்கள்

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. பக்கத்து வீட்டு கன்னியம்மா தூக்குச்சட்டியில் பொங்கல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கம்பெனியில் என் பக்கத்து மிஷினில் எட்டு மணி நேரமும் வாயை மூடாதவள், இன்று பேசவில்லை.

உங்கப்பா கொத்து வேலை இல்லாத நாளில் வீட்டில் இருப்பதில்லை. காலையிலேயே எங்கோ போய்விட்டார். நான் வில்லை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். பழைய செங்கல் சூளைச் சுவரில் நீ சாய்த்து வைத்த மூட்டை அப்படியே இருக்கிறது. தோல் துண்டும் கந்தலும் அடைத்த மூட்டை. வட்டம் போட்ட தாள் மழையில் கரைந்துவிட்டது. மூட்டை மேல் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டேன்.

பத்து தப்படி தள்ளி நின்றேன். நீ நிற்கிற இடம் இன்னும் தூரம். அங்கே போகவில்லை. உன் அம்பு ஆறு. ஒன்று காலடியில் விழுந்தது. ரெண்டு சுவரில். மீதி எங்கே என்று தேடியே மத்தியானம் ஆகிவிட்டது.

விரல் எரிகிறது. நாணை மூன்று விரலால் இழுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. விடும்போதுதான். தோல் மேல் நாண் போக மாட்டேன் என்கிறது. பிடித்துக்கொண்டே போகிறது. புதுசு, அதனால் இருக்கும்.

ஜனவரி 16, செவ்வாய்

லீவு. உன் நோட்டின் முன்பக்கங்களைப் படித்தேன். தேதி போட்டு, பதினெட்டு அம்புக்கு எத்தனை புள்ளி என்று அழகாக எழுதியிருக்கிறாய். சில வரியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக மை வைத்திருக்கிறாய். ஒன்று, சில நாள் ரெண்டு, சில நாள் மூன்று. அது என்னவென்று தெரியவில்லை.

ஜூலை 142, 139, 147. ஆகஸ்டு முதல் வாரம் 144, 148. உன் பிறந்தநாள் ஆகஸ்டு இருபது. அதற்கப்புறம் 131, 126, 133, 129.

வெயில் அதிகமாக இருந்திருக்கும்.

கடைசிப் பக்கம் நவம்பர் பதினெட்டு, வேலூர் செலக்‌ஷன். காலையிலேயே தேதி போட்டு, கட்டம் கட்டி வைத்துக்கொண்டு போயிருக்கிறாய். முப்பத்தாறு அம்பையும் ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறாய். கடைசி மூன்று 9, 4, 3. மொத்தம் 269. கீழே சின்னதாக "271 எடுத்தவங்க வரைக்கும் உள்ள" என்று இருக்கிறது.

உள்ளே போனவர்கள் பத்து நாள் வேலூரிலேயே கேம்பில் தங்கினார்கள். மற்றவர்கள் மத்தியானமே பஸ் ஏறிவிட்டார்கள். நீ மூன்றே காலுக்கு நம் பைபாஸில் இறங்கினாய். எதிர்ப்பக்கம் தாண்டும்போது லாரி. வில்லுக்கு ஒரு கீறல் இல்லை.

ரசம் வைத்தேன். உங்கப்பா சாப்பிடவில்லை.

ஜனவரி 18, வியாழன்

பன்னிரண்டு அம்பு. நடுவிரல் கொப்பளித்துவிட்டது.

ஜனவரி 20, சனி

வெள்ளை லைனிங்கில் ரத்தம் பட்டுவிட்டது. ரெண்டு ஜோடி கழிவாகப் போயிற்று. சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"ஊசி ஏறிச்சா?"

"இல்ல சார். வீட்டு வேலை."

"வீட்ல இன்னா, கிணறு வெட்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சூளையாண்ட வில்லு வுட்டுக்கினு கீறியாமே? யாரச் சாய்க்கப் போற? சூப்பர்வைசரையா? சொல்லுடி அஞ்சல, நான் புடிச்சுக் குடுக்கறேன்" என்றாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு சோறு இறங்கவில்லை. அவள் தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை என் தட்டில் வைத்துவிட்டு, "எதுனா செய். ஆனா விரல வெச்சுதான் சோறு. அத்த நெனச்சுக்கோ" என்றாள்.

ஜனவரி 21, ஞாயிறு

நஸ்ரின் வந்தாள். நான் சூளையில் நிற்பதைப் பார்த்துவிட்டு நேராக அங்கேயே வந்தாள். முதலில் அழுதாள். அப்புறம் நான் ஒரு அம்பு விடுவதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"ஐயோ ஆன்ட்டி, நுனியில இழுக்காதீங்க. நுனியில இழுத்தா நகத்தடி கழண்டுடும். இதோ, மொதல் மடிப்பு இருக்குல்ல, அதுல மாட்டுங்க. கொக்கி மாதிரி. புறங்கை இறுக்கமா இருக்கக் கூடாது, தொளதொளன்னு இருக்கணும். இழுக்கறது விரல் இல்ல, முதுகு."

"முதுகா?"

"ஆமா. உங்க முதுகுல இருக்கிற எலும்பு ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடணும். விரல் சும்மா புடிச்சுக்கினு இருக்கும், அவ்ளோதான்."

இன்னும் நிறைய சொன்னாள். நாணில் மெழுகுவத்தி தேய்க்க வேண்டுமாம். விரல்தோலில் முகப்பவுடர் கொஞ்சம் தடவ வேண்டுமாம். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் ஒரு தடித்த துண்டு வைத்துத் தைத்தால், நாண் மடங்கும்போது விரல் அம்பின் அடியை நசுக்காதாம், நம் வில் குட்டை என்பதால் நசுக்கும். கொப்பளித்தால் ரெண்டு நாள் தொடக்கூடாதாம். ஒரே நாளில் அறுபது அம்பு விடக்கூடாது, இன்று பத்து, அடுத்த வாரம் பதினைந்து என்று ஏற்றவேண்டுமாம். பெரிய வாத்தியார் மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். இதையெல்லாம் நீ எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விரல் வலிக்குது என்றாய், தோல் தைத்துக் கொடுத்தேன், முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

என் கையிலிருந்த விரல்தோலைக் கழற்றிக் கொடுத்தேன். "இது எப்பிடிக் கீது, பாரு. அவளுக்குத் தச்ச அதே அளவு."

அதைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை திருப்பினாள். சொரசொரப்பில் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள்.

"நல்லாருக்கு ஆன்ட்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

மோர் கொடுத்தேன். ஒரு டம்ளர்தான் குடித்தாள். அப்போதுதான் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஓரத்தில் இந்தப் புள்ளிகள் என்னவென்று கேட்டேன்.

"அது விரல் ஆன்ட்டி. எத்தினி விரல் உரிஞ்சிருக்குன்னு வெச்சுப்பா."

அவள் போனபிறகு எண்ணினேன். ஆகஸ்டு இருபதுக்கு முன்னால் எல்லாமாக நாலு புள்ளி. அதற்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் புள்ளி. பாதியில் நிறுத்திவிட்டேன்.

செலக்‌ஷன் அன்று பஸ் ஏறுவதற்கு முன்னால் டீச்சர் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாய். "ரெண்டு பாயின்ட்ல போச்சும்மா" என்றாய்.  விரல் வலிக்குதா என்று கேட்டேன். "நீ தச்சது போட்டுக்கினா எப்பிடிம்மா வலிக்கும்" என்றாய்.

ஜனவரி 22, திங்கள்

விடவில்லை. கொப்பளம்.

ஜனவரி 23, செவ்வாய்

விடவில்லை.

ஜனவரி 24, புதன்

கம்பெனியில் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, நூலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வழவழப்பில் நூல் ஓடுகிறது. சொரசொரப்பில் நிற்கிறது. பதினாலு வருஷமாகத் தெரிந்த விஷயம். ஷூவில் தோல்மேல் ஓடுவது கால், அதனால் வழவழப்பு கால் பக்கம். ஆனால் வில்லில் ஓடவேண்டியது எது, விரலா, நாணா?

கன்னியம்மா, "இன்னாடி, தோலுக்கு மந்திரம் போட்றியா" என்றாள்.

ஜனவரி 26, வெள்ளி

லீவு. போலீஸ் கொடுத்த கவரை இன்றுதான் பிரித்தேன். ரெண்டு மாசமாக பீரோவுக்கு மேல் கிடந்தது. வில், அம்பு, இந்த நோட்டு மூன்றையும் அப்போதே தனியாகக் கொடுத்துவிட்டு, உன் பையிலிருந்த மற்றதும், நீ போட்டிருந்த பேன்ட் பாக்கெட்டில் இருந்ததும் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

பஸ் டிக்கெட். கர்ச்சீப். மெழுகுவத்தித் துண்டு. க்ளிப் ரெண்டு. பாதி தின்ற கடலை உருண்டை. பிளாஸ்திரிச் சுருள்.

விரல்தோல் ரெண்டு.

ஒன்று பழுப்பு, நான் தைத்தது. இன்னொன்று கறுப்பு. கடையில் வாங்கினது. அதை நான் பார்த்ததே இல்லை. ரெண்டு விரலுக்கும் நடுவில் தடித்த துண்டு வைத்தது. நாண் படுகிற பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு.

ரெண்டிலும் நாண் பட்ட தடம் இருக்கிறது. பழுப்பில் உள்பக்கம் கறை இருக்கிறது. கறுப்பில் கறை இருந்தாலும் எப்படித் தெரியும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உன்னைக் குளிப்பாட்டும்போது வலது கையில் ரெண்டு விரலில் பிளாஸ்திரி இருந்தது. லாரியால் ஆனது என்று நினைத்தேன். லாரி அடித்துக் கிடந்தவளுக்கு யார் நின்று பிளாஸ்திரி போட்டிருப்பார்கள்? அன்று எனக்கு அது தோன்றவேயில்லை.

அப்புறம் சூளைக்குப் போனேன். நஸ்ரின் சொன்ன மாதிரி மடிப்பில் மாட்டி, புறங்கையைத் தொளதொளவென்று விட்டு இழுத்தேன். ஆறு அம்பு பழுப்பில், ஆறு அம்பு கறுப்பில். கை சோர்வதால் கணக்கு மாறிவிடக் கூடாது என்று, திரும்பக் கறுப்பை முதலிலும் பழுப்பை அப்புறமும் வைத்து விட்டேன். ஒவ்வொன்றிலும் மொத்தம் முப்பது.

பழுப்பு: சுண்ணாம்பு வட்டத்துக்குள் எட்டு. அநேகமாக எல்லாம் இடது பக்கம் போய்விடுகிறது. நாண் விரலை இழுத்துக்கொண்டு வெளியே போவதால்.

கறுப்பு: இருபத்தொன்று.

விரல் கறுப்பில் எரியவில்லை.

ஜனவரி 28, ஞாயிறு

திரும்ப விட்டேன். பழுப்பு ஏழு. கறுப்பு இருபது. காற்று இல்லை.

ஜனவரி 29, திங்கள்

வேலை விட்டு வந்து இன்னொரு தடவை பார்க்கலாம் என்று போனேன். உங்கப்பா சூளையில் எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். வில்லை என் கையிலிருந்து வாங்கினார். உடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். உடைக்கவில்லை. சுவரில் சாய்த்து வைத்தார்.

"இன்னாடி செய்யற நீ, ரெண்டு வாரமா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வழவழப்பு, சொரசொரப்பு, எட்டு, இருபத்தொன்று. ரெண்டு புள்ளி கூட வந்திருந்தால் நீ அன்று வேலூரிலேயே இருந்திருப்பாய், மூன்றே காலுக்கு நம் பைபாஸில் இருந்திருக்க மாட்டாய். நான் தைத்ததால்தான்.

அவர் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அவ பஸ்ல இருந்து போன் பண்ணா" என்றார். "பக்கத்துல கீறவங்க போன்ல. அப்பா, கூப்புட வான்னா. அங்கயே நில்லு, தாண்டாத, வந்துடறேன்னேன். வண்டி ஸ்டார்ட் ஆவல. உதைக்கறேன், உதைக்கறேன், ஆவல. அப்பறம் ஓடிப்போனேன். மூணு நிமிஷம் அஞ்சல. மூணே நிமிஷம். நான் போய் நிக்கறேன், கூட்டமா கீது."

இதை அவர் எனக்குச் சொன்னதேயில்லை. நீ போன் பண்ணினதே எனக்குத் தெரியாது.

"உனுக்கு ரெண்டு பாயின்ட்டு. எனுக்கு மூணு நிமிஷம். எது பெருசுன்னு யாராண்ட போய் கேக்கறது?"

 நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஆறுதல் சொல்லவும் வரவில்லை. ரெண்டு பேரும் மூட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அப்புறம் நான் போய் அடுப்பு மூட்டினேன். இன்றைக்கு அவர் சாப்பிட்டார்.

பிப்ரவரி 3, சனி

அரை நாள் லீவு போட்டு உன் பள்ளிக்கூடம் போனேன். ஹில்டா டீச்சர் மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கறுப்புத் தோலைக் காட்டினேன்.

"இது நான் குடுத்ததும்மா" என்றார். "செப்டம்பர்ல."

"ஏன் டீச்சர் குடுத்தீங்க?"

என்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.  கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சொல்லுங்க. எனுக்குத் தெரியும். எந்தப் பக்கம்னு தெரியும்."

"அவளுக்கும் தெரியும்மா" என்றார். "மொத வாரமே சொன்னேன். இத்த திருப்பித் தைக்கணும்டி, அம்மாவாண்ட சொல்லுன்னு. சொல்ல மாட்டேன்னுட்டா. 'அம்மா ரெண்டு நாள் தூங்காம தச்சுது மிஸ், தப்புன்னு தெரிஞ்சா அது பேசவே பேசாது'ன்னா. சரி, இத்தயாவது போட்டுக்கோன்னு நான் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். வாங்கிக்கினா. ஒரு நாள் இத்த போடுவா, ஒரு நாள் அத்த போடுவா. நானும் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"அன்னிக்கி? செலக்‌ஷன் அன்னிக்கி எத்த போட்டுக்கினா?"

"நான் பசங்க பக்கம் நின்னேன்மா. பொண்ணுங்க லைன் அந்தக் கோடியில. பாக்கல."

"நஸ்ரினுக்குத் தெரியுமா?"

"நஸ்ரினுக்கு அன்னிக்கி காய்ச்சல். வரவேயில்ல."

வேறு யார் உன் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்டேன். வேறு வேறு ஊர்ப் பெண்கள், பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, தேடிப்போய்க் கேட்கலாம்தான் என்றார். பக்கத்தில் நிற்கிறவள் தன் அம்பைப் பார்ப்பாளே தவிர இன்னொருத்தி விரலைப் பார்ப்பாளா என்றும் கேட்டார். அதுவும் சரிதான்.

திரும்பி வரும்போது பைபாஸில் இறங்கி, நீ இறங்கின பக்கமே அரை மணி நேரம் நின்றேன். தாண்டினேன். வீடு வந்தேன்.

நான் பேச மாட்டேன் என்றா நினைத்தாய்? உங்கப்பா என் குழம்பில் உப்பு அதிகம் என்றால் ரெண்டு நாள் பேச மாட்டேன்தான். அது வேறு.

பிப்ரவரி 6, செவ்வாய்

துணி துவைத்தேன். உன் தாவணியையும் சேர்த்துத் துவைத்துவிட்டேன், தெரியாமல். வாசனை போய்விட்டது.

பிப்ரவரி 8, வியாழன்

நஸ்ரினுக்கு ஒரு விரல்தோல் தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் கை உன் கையைவிடச் சின்னது. அட்டையைச் சுற்றிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அட்டையை வெட்டவில்லை, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன்.

நல்ல தோல். நாலு பக்கமும் தையல் போட்டு, நடுவில் தடித்த துண்டு வைத்து, முடித்துப் பார்த்தால், வழவழப்பு விரல் பக்கம் இருக்கிறது.

எல்லாம் தெரிந்துமா? தெரிந்தும்தான். கை தானாகத் திருப்பியிருக்கிறது.

பிரித்தேன். பிரிக்கும்போது தோலில் ஊசி ஓட்டை தெரிந்தது. அதைப் போட்டுவிட்டு வேறு துண்டு எடுத்து முதலிலிருந்து தைத்தேன். ஒவ்வொரு நாலு தையலுக்கும் நிறுத்தி, தடவித் தடவிப் பார்த்தேன். குருடி மாதிரி.

உங்கப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். "விளக்கு இன்னும் கிட்ட வெக்கட்டா" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 10, சனி

வில்லைத் துடைத்தேன். நாணில் மெழுகு தேய்த்தேன். ஆறு அம்பையும் எண்ணிக் கட்டினேன். அதில் ஒன்றில் நீ மூன்றாம் நம்பரை சிவப்பில் எழுதி ஒரு பூ போட்டிருக்கிறாய். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். ஐந்து அம்பை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். வைக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

பதினோரு மணிக்கு நஸ்ரின் வந்தாள். தன் அண்ணன் வண்டியில். அவன் வெளியிலேயே நின்றுவிட்டான்.

வில்லை ஆணியிலிருந்து உங்கப்பாதான் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த இடத்தில் சுவரில் நீளமாக வெள்ளைத் தடம். மற்ற சுவரெல்லாம் அழுக்கு.

மோர் கொண்டுவந்தேன். குடித்தாள். அப்புறம் விரல்தோலைக் கொடுத்தேன்.

"இது புதுசு. உனுக்குத்தான் தச்சேன். மாட்டிப் பாரு."

மாட்டினாள். விரலை மடக்கினாள், நீட்டினாள். நாண் இல்லாமல் காற்றில் இழுக்கிற மாதிரி ஒரு தடவை இழுத்தாள்.

"நஸ்ரின், இங்க பாரு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். தப்பாத் தச்சிருந்தா தப்புன்னு சொல்லணும். தூக்கி மூஞ்சியில அடி. எனுக்கு ஒண்ணும் ஆவாது. எங்கிட்ட சொல்லணும், தெரியுதா? சொல்லு, எப்பிடிக் கீது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லாருக்கு ஆன்ட்டி" என்றாள்.

அதே குரல். அன்று சூளையில் சொன்னாளே, அதே குரல். நிஜமாகவே நன்றாக இருந்து சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா? அவள் கையைப் பிடித்து இன்னொரு தடவை கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் மறுபடியும் அதையேதான் சொல்வாள். வண்டி போய்விட்டது. வில்லின் நுனி வேலிக்கு மேல் கொஞ்ச தூரம் தெரிந்தது.

இனி நீங்கள் எல்லோரும் என்னிடம் இப்படித்தான் சொல்வீர்கள் போல.

நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. எழுத ஒன்றும் இல்லை. ரெண்டு விரல்தோலும் என் முன்னால் இருக்கிறது. காலையிலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் பார்க்கிறேன். கறுப்பைப் போட்டிருந்தால், கை நடுங்கியது, காற்று அடித்தது, உன் நேரம் அவ்வளவுதான் என்று நானும் உங்கப்பா மாதிரி வேறு எதையாவது எண்ணிக்கொண்டு கிடப்பேன். பழுப்பைப் போட்டிருந்தால், நான் பேசாமல் போய்விடுவேன் என்று நினைத்துத்தானே போட்டிருப்பாய்.

கடைசியாகக் கழற்றியதைப் பேன்ட் பாக்கெட்டில்தான் போட்டிருப்பாய். உன் பாக்கெட்டில் இருந்தது எது, பையில் இருந்தது எது என்று அந்தப் போலீஸ்காரருக்கும் ஞாபகம் இருக்காது.

குருணை, 9, 4, 3. அந்தக் கடைசி மூன்று அம்புக்கு நீ எதை மாட்டிக்கொண்டிருந்தாய்?